சர்க்கரை நோய்: அடுத்த 20 வருடத்துக்கு எந்தக் கணிப்பை நம்பித் திட்டம் போடுவது?

ஒரு மாவட்டத்தில் சர்க்கரை நோய்க்கு அடுத்த 20 வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயாலிசிஸ் மெஷின் எத்தனை, மெட்ஃபார்மின் எத்தனை லட்சம் மாத்திரை, விழித்திரையைப் படம் எடுக்கும் கேமரா முதலில் எந்த ஊருக்கு, கால் புண்ணோடு வருபவர்களுக்குக் கட்டுப் போட எத்தனை நர்ஸ் என்று ஆயிரம் கேள்வி வரும். எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் போய் நிற்கும்: அன்றைக்கு இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குச் சுகர் இருக்கும்?

இதற்கு விடை சொல்ல மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும், வித்தியாசமும் சில்லறை வித்தியாசம் இல்லை. உலகம் முழுவதற்கும் 2050-க்குச் சொல்லப்பட்ட இரண்டு எண்களைப் பாருங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025-இல் வெளியிட்ட அட்லஸ் 85.3 கோடிப் பேர் என்கிறது. உலக நோய்ச்சுமை ஆய்வுக் குழு 2023-இல் சொன்னது 131 கோடி. முன்னது 20 முதல் 79 வயது வரை மட்டும் எண்ணுகிறது, பின்னது எல்லா வயதையும் எண்ணுகிறது. அந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் பல கோடிப் பேர் இடைவெளி மிஞ்சுகிறது. இரண்டுமே பொறுப்பானவர்கள் போட்ட கணக்குதான். போட்ட விதம்தான் வேறு.

நான் நோய்க் கணக்குகளோடு தினமும் மல்லுக்கட்டும் வேலையில் இருக்கிறேன். இந்த மூன்று வழிகளில் எதை எதற்கு எடுக்கலாம் என்று எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அதை மறைக்காமலே ஒப்பிடுகிறேன்.

முதல் வழி: இன்றைய விகிதம், நாளைய மக்கள்தொகை

இருப்பதிலேயே எளிய வழி இது. இன்றைக்கு 50 வயதுக்காரர்களில் நூற்றுக்கு இத்தனை பேருக்குச் சர்க்கரை, 60 வயதுக்காரர்களில் இத்தனை பேருக்கு என்ற விகிதத்தை அப்படியே வைத்துக்கொள்வது. 20 வருடம் கழித்து அந்தந்த வயதில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் நகரத்தில் வாழ்வார்கள் என்று மக்கள்தொகைக் கணிப்பிலிருந்து எடுத்துப் பெருக்குவது. அவ்வளவுதான். ஒரு எக்செல் தாள் போதும், அரை நாளில் முடிந்துவிடும். அட்லஸின் கணிப்பும் அடிப்படையில் இந்த வகைதான்.

இந்த வழி எப்படிப் பலித்தது என்று பார்க்க நம்மிடம் நல்ல சான்று இருக்கிறது. 1998-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஹிலாரி கிங்கும் மற்ற இருவரும் போட்ட கணக்கில், இந்தியாவில் 1995-இல் 1.94 கோடியாக இருந்த நீரிழிவு நோயாளிகள் 2025-இல் 5.7 கோடி ஆவார்கள் என்று இருந்தது. 2004-இல் சாரா வைல்ட் குழுவினர் திருத்திப் போட்டபோது அது 2030-இல் 7.94 கோடி ஆனது. நடந்தது என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு 2021-க்குக் கொடுத்த மதிப்பீடே 10.1 கோடி. அதாவது 2030-க்குச் சொன்ன எண்ணை ஒன்பது வருடம் முன்னாலேயே தாண்டிவிட்டோம்.

இதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது. விகிதம் மாறாது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம், ஆகவே இது குறைவான மதிப்பீடாகத்தான் இருக்கும் என்று வைல்ட் குழுவினரே எழுதியிருந்தார்கள். பிரச்சினை அதை எடுத்துப் பயன்படுத்தியவர்களிடம் இருந்தது. 'குறைந்தபட்சம் இவ்வளவு' என்று சொல்லப்பட்டதை 'இவ்வளவுதான்' என்று படித்தார்கள். இந்த வழியில் வரும் எண்ணைத் தரைமட்டமாக வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே திட்டம் போடவே கூடாது. அதற்கு மேல் இதற்கு மதிப்பில்லை.

இரண்டாம் வழி: போகும் போக்கைப் பிடித்து நீட்டுவது

இரண்டாவது வழி விகிதமும் மாறும் என்று ஒப்புக்கொள்கிறது. கடந்த 20, 30 வருடத்தில் விகிதம் எப்படி ஏறியது என்று பார்த்து அந்தக் கோட்டை முன்னே நீட்டுகிறது. கொஞ்சம் நுட்பமாகச் செய்பவர்கள் உடல் எடை போன்ற காரணங்களின் போக்கை முதலில் கணித்து, அதன் வழியாக நோயைக் கணிப்பார்கள். 131 கோடி என்ற எண் அப்படி வந்ததுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழி எங்கே வழுக்கும் என்று காட்டச் சென்னையைவிட நல்ல இடம் கிடைக்காது. சென்னையில் பெரியவர்களிடையே நீரிழிவு 1989-இல் 8.3%, 1995-இல் 11.6%, 2000-இல் 13.5%, 2003-04-இல் 14.3%. ஏற்றத்தைக் கவனியுங்கள். முதலில் 3.3 புள்ளி, அடுத்து 1.9, அப்புறம் 0.8. 2004-இல் ஒருவர் அந்தக் கோட்டை நேர்மையாக நீட்டியிருந்தால், சென்னை 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் சமநிலைக்கு வந்துவிடும் என்றுதான் சொல்லியிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

2010-11-இல் இன்னொரு பெரிய ஆய்வு சென்னையில் வீடுவீடாகப் போய் இரத்தம் எடுத்தது. வந்த எண் 22.8%.

ஏழு வருடத்தில் எட்டரைப் புள்ளி உண்மையிலேயே ஏறியதா? ஓரளவு ஏறியிருக்கும். ஆனால் அளவுகோலும் மாறியிருந்தது. பழைய ஆய்வு குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையை நம்பியது. புதியது வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரண்டில் எது எல்லையைத் தாண்டினாலும் நோய் என்று எடுத்துக்கொண்டது. ஒரே ஆளை ஒரு பரிசோதனை நோயாளி என்றும் இன்னொன்று இல்லை என்றும் சொல்வது உண்டு. போதாக்குறைக்கு, இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருப்பவர்களுக்கு எச்பிஏ1சி கொஞ்சம் கூடவே காட்டும். நம் ஊரில் எத்தனை பெண்களுக்கு இரத்தசோகை இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கு இந்தியாவில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்று கேட்டால் மூன்று விடைகள் கிடைக்கும். அட்லஸ் 2024-க்குச் சொல்வது சுமார் 9 கோடி. இந்தியாப் ஆய்வு சொன்னது 10.1 கோடி. தொற்றாநோய் ஆபத்துக் காரணிக் கூட்டுக் குழு 2022-க்குச் சொல்வது 21.2 கோடி. கடைசியாகச் சொன்ன குழுவும் வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்லது எச்பிஏ1சி, எது தாண்டினாலும் சேர்த்துக்கொள்கிறது. கோட்டின் கடைசிப் புள்ளியே இப்படி இரட்டிப்பாக ஆடும்போது, அங்கிருந்து 25 வருடத்துக்குக் கோடு இழுத்தால் எங்கே போய் நிற்கும்?

போக்கை நீட்டும் வழிக்கு இன்னொரு குறையும் உண்டு. ஏன் ஏறுகிறது என்று அதைக் கேட்டால் விடை வராது. புதிதாக நோய் வருபவர்கள் கூடியதால் விகிதம் ஏறலாம். ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் நல்ல சிகிச்சையால் நீண்ட நாள் வாழ்வதாலும் ஏறலாம். முன்னது துயரம், பின்னது வெற்றி. கோட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மூன்றாம் வழி: சேரும் பெயர், அடிபடும் பெயர்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் தொற்றாநோய்ப் பதிவேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது வழி உடனே புரியும். நீளமான கணக்குப் புத்தகம், நீல மையில் வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரே வயது, சர்க்கரை அளவு, பிரஷர், என்ன மாத்திரை, எந்தத் தேதியில் வாங்கினார். புதிதாக ஒருவருக்குச் சுகர் என்று தெரிந்தால் கடைசியில் ஒரு பெயர் சேரும். ஒருவர் இறந்துபோனால் பெயர் மேல் சிவப்புக் கோடு விழும். எந்த நாளிலும் அந்தப் புத்தகத்தில் உயிரோடு இருக்கும் பெயர்கள்தான் அந்த ஊரின் நோயாளிகள். சேரும் வேகம் ஒன்று, அடிபடும் வேகம் ஒன்று. இரண்டும் தெரிந்தால் 20 வருடம் கழித்து எத்தனை பெயர் இருக்கும் என்று கணக்கிட முடியும்.

ஆயிரம் பெரியவர்கள் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு 150 பேருக்குச் சர்க்கரை. சென்னையில் ஒரே ஆட்களைப் பத்து வருடம் கழித்து மறுபடியும் தேடிப் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று, நோய் இல்லாத ஆயிரம் பேரில் வருடத்துக்கு 22.2 பேருக்குப் புதிதாக நீரிழிவு வந்ததாகச் சொன்னது. அதைக் கொஞ்சம் சுருக்கி 22 என்று வைப்போம். நோயாளிகளில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர் இறப்பதாக வைப்போம், இது என் கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண். இறப்பவர்களின் இடத்தில் நோயில்லாத இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள், ஊர் எப்போதும் ஆயிரம் பேர். பத்து வருடத்தில் 150 சுமார் 280 ஆகிறது.

இப்போது சிகிச்சை மேம்பட்டு, இறப்பு பாதியாகக் குறைகிறது என்று வையுங்கள். பத்தாவது வருடம் நோயாளிகள் சுமார் 300. கூடியிருக்கிறது! நன்றாக வேலை செய்த ஊரில் நோயாளிகள் அதிகம். இதைப் புரிந்துகொள்ளாத மேலதிகாரி, 'இவ்வளவு செலவு செய்தும் நோயாளிகள் கூடிவிட்டார்களே' என்று அந்த மருத்துவரைக் கேள்வி கேட்பார்.

மாறாக, இறப்பு அப்படியே இருந்து, புதிதாக வருவதில் 30% குறைந்தால்? சுமார் 236. அந்த 30 சதவீதத்தை நான் ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. இந்தியாவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நிற்கும், அதாவது நோய் இன்னும் வராமல் சர்க்கரை மட்டும் இயல்பைவிடக் கூடியிருக்கும் 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில், வழக்கமான அறிவுரை மட்டும் கேட்ட குழுவில் 55% பேருக்கு நோய் வந்தது. உணவும் உடற்பயிற்சியும் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்த குழுவில் 39.3%. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்த குழுவில் 40.5%. நான்கில் ஒரு பங்குக்கு மேல் தடுத்திருக்கிறார்கள். ஊர் முழுக்க அதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆய்வில் இருந்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆனால் இந்த வழியில்தான் 'தடுப்புக்கு இவ்வளவு செலவழித்தால் எத்தனை பெயர் குறையும்' என்ற கேள்வியையே கேட்க முடிகிறது. மற்ற இரண்டு வழிகளிலும் அந்தக் கேள்வியை நுழைக்க இடமே கிடையாது.

என் கிராமக் கணக்கில் வயதைப் பிரிக்கவில்லை, அதனால் அது கொஞ்சம் கூடவே காட்டும். முறையாகச் செய்பவர்கள் வயது, ஆண், பெண், எடை என்று பிரித்துச் செய்வார்கள். அப்படிச் செய்த ஒரு கணக்கு 2020-இல் வந்தது. இந்தியப் பெருநகரில் இன்று 20 வயதில் இருக்கும் ஆணுக்கு ஆயுளுக்குள் நீரிழிவு வரும் வாய்ப்பு 55.5%, பெண்ணுக்கு 64.6% என்றது. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். 'இத்தனை கோடி' என்ற எண் காதில் விழுந்து போய்விடும். இந்த எண் என் வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளையின் முகத்தோடு சேர்ந்து மனதில் உட்கார்ந்துவிட்டது.

இந்த வழியிலும் தவறு நேரும். 2010-இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் இதே பாணியில் போட்ட கணக்கில், 2050-இல் அமெரிக்கப் பெரியவர்களில் 21 முதல் 33 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கலாம் என்றார்கள். புதிதாக வருவோர் விகிதம் ஏறிக்கொண்டே போகும் என்பது அந்த மேல் எண்ணின் அடித்தளம். ஆனால் அங்கே புதிதாகக் கண்டறியப்படுவோர் விகிதம் 2007-ஐ ஒட்டி ஏறுவது நின்று, பின்பு இறங்கத் தொடங்கியது. அப்போதும் எனக்குப் பிடித்தது இதுதான்: எந்த அனுமானம் பிசகியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது, அதை மட்டும் மாற்றி மறுபடி ஓட்ட முடிகிறது. சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசிக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். விலை விழுந்தால் சேரும் வேகமும் அடிபடும் வேகமும் இரண்டுமே மாறும். பழைய போக்கை எவ்வளவு நீட்டினாலும் அது கோட்டில் தெரியப்போவதில்லை.

இந்தியாப் ஆய்வின் மாநில எண்களையும் இந்தக் கண்ணோடு படித்தால்தான் அர்த்தமாகிறது. நீரிழிவு கோவாவில் 26.4%, கேரளாவில் 25.5%, தமிழ்நாட்டில் 14.4%, உத்தரப் பிரதேசத்தில் 4.8%. உத்தரப் பிரதேசம் தப்பித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அங்கே நோயின் வாசலில் நிற்பவர்கள் சுமார் 18%. புத்தகத்தில் பெயர்கள் குறைவு, வெளியே வரிசை நீளம். முதல் வழியில் கணக்குப் போட்டால் அந்த மாநிலத்துக்குத்தான் குறைவாக ஒதுக்குவோம்.

பணக் கணக்கு

தலைகளை எண்ணுவதைவிடப் பணத்தை எண்ணுவதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். தலைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியை எடுத்து, நோயாளிகள் எண்ணிக்கையால் பெருக்குவது வழக்கம். 2021 அட்லஸின்படி நீரிழிவு உள்ள ஒருவருக்கு வருடத்துக்கு ஆகும் மருத்துவச் செலவு அமெரிக்காவில் சுமார் 11,800 டாலர், இந்தியாவில் 114 டாலர். இந்தியாவில் நோய் மலிவு என்று இதற்கு அர்த்தமா? கிடைக்காத சிகிச்சைக்குச் செலவு இல்லை, அவ்வளவுதான். பார்க்காத கண்ணுக்கும், செய்யாத டயாலிசிஸுக்கும் பில் வராது. அந்த 114-ஐ வைத்து எதிர்காலத்தைப் பெருக்கினால், இன்றைய குறையையே நாளைக்கும் திட்டமாக எழுதி வைத்தது போல ஆகும்.

அதோடு சுகர் செலவு எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. மாத்திரை மட்டும் சாப்பிடுபவருக்கு ஆகும் செலவு வேறு, சிறுநீரகம் போனவருக்கு ஆகும் செலவு வேறு. என் சித்திக்குப் பதினைந்து வருடச் சுகர். காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் உள்ளே ஒரு கருங்கல் ஜல்லித் துண்டு கிடந்தது தெரிந்தது. அதன் மேல் இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறார், வலிக்கவே இல்லை. தரையில் இரத்தத் தடத்தைப் பார்த்து என் தம்பிதான் கத்தினான். ஐந்து மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினோம். கடைசியில் இரண்டு விரல் போனது. மருந்தும் ஆஸ்பத்திரியும் ஒரு பக்கம். ஆட்டோ வாடகை ஒரு பக்கம். தம்பி ஓட்டுநர் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்த நாட்களின் கூலி இன்னொரு பக்கம். சித்தியின் இட்லிக் கடை மூடியே கிடந்தது. இவற்றில் முதல் வரியை மட்டும்தான் தலைக்கு இவ்வளவு என்ற சராசரி பார்க்கிறது.

இந்த மறைமுகச் செலவையும் சேர்த்து உலகம் முழுவதற்கும் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. 2015-இல் மொத்தச் சுமை 1.3 லட்சம் கோடி டாலர், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையிழப்பும் அகால மரணமும். 2030-க்கு மூன்று விதமாகப் போட்டார்கள். விகிதம் மாறாவிட்டால் 2.2, பழைய போக்கிலேயே போனால் 2.5, எல்லா நாடுகளும் சர்வதேச இலக்கை எட்டிவிட்டால் 2.1 லட்சம் கோடி. இலக்கை எட்டினாலும் 2015-ஐவிடச் செலவு குறையவில்லை! திட்டம் கேட்டுப் போகும் யாரும் 'இதைச் செய்தால் செலவு மிச்சமாகும்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது இதனால்தான். செலவு கூடத்தான் செய்யும். அந்தப் பணம் விரலை வெட்டுவதற்குப் போகிறதா, விரலைக் காப்பாற்றப் போகிறதா என்பதைத்தான் நாம் மாற்ற முடியும்.

நம் ஊரில் அந்தப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். 2007-இல் வந்த ஓர் இந்திய ஆய்வில், குறைந்த வருமானக் குடும்பங்கள் நகரத்தில் வருமானத்தில் 34 சதவீதத்தையும் கிராமத்தில் 27 சதவீதத்தையும் நீரிழிவுக்கே செலவழித்தன. அரசுச் செலவைக் குறைத்துக் காட்டும் கணிப்பு, மீதியை இந்த வீடுகளின் மேல் ஏற்றுகிறது.

நான் எதை எடுப்பேன்

மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ திட்டம் என்றால் மூன்றாவது வழிதான், தயக்கமே இல்லை. முதல் வழியில் வரும் எண்ணைப் பக்கத்தில் தரைமட்டமாக எழுதி வைப்பேன். இரண்டாவது வழியைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன், அதுவும் ஒரே அளவுகோலால் அளந்த ஆய்வுகள் இரண்டு மூன்றாவது கையில் இருந்தால். பணத்தைத் தலைக்குப் போடாமல் படிநிலைக்குப் போடுவேன்: மாத்திரையில் இருப்பவர், இன்சுலினில் இருப்பவர், கண்ணோ காலோ பாதித்தவர், டயாலிசிஸில் இருப்பவர் என்று நான்கு வரிசை, ஒவ்வொன்றுக்கும் தனி விலை, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வேகம். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். நான் மேலே போட்ட கிராமக் கணக்கு பத்து வரி எக்செல்தான்.

ஆள் இல்லை, தரவு இல்லை, ஒரு வாரத்தில் ஓர் எண் வேண்டும் என்றால் முதல் வழியை எடுங்கள். ஆனால் 'குறைந்தபட்சம்' என்ற சொல்லை அந்த எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள், தனியாக அடிக்குறிப்பில் போடாதீர்கள்.

மூன்றாவது வழிக்குத் தேவையான தரவு எங்கே என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. அதனால் யாருக்குப் புதிதாக நோய், யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அந்த விவரம் கணக்காக மேலே வர வேண்டும், அதுதான் பாக்கி.

போன வருடம் ஒரு சுகாதார நிலையத்தில் அந்த நீல மைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தில் ஆறேழு சிவப்புக் கோடுகள். இவ்வளவு பேர் இறந்துவிட்டார்களா என்று நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். 'இல்லைங்க, மாத்திரை வாங்க வரவில்லை, அதனால் அடித்துவிட்டோம்' என்றார். பிறகு அவரே போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். இன்னொருவர் நாட்டு மருந்துக்கு மாறியிருந்தார். ஒரு பாட்டி உண்மையிலேயே இறந்துபோயிருந்தார். காரணம் எழுத ஒரு கட்டம் புத்தகத்தில் இல்லை, அதனால் அக்கா ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே எழுதத் தொடங்கினார்: ஊர் மாற்றம், நிறுத்திவிட்டார், இறப்பு.